திமிங்கிலத்தார் பேசி முடித்த கலியாணம்

கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த தமிழ்க் கலியாணங்களில் பாதியைச் செய்து வைத்தது பிள்ளையார் என்று ஐயர்மார் சொல்வார்கள். நம்பாதீர்கள். செய்து வைத்தது ஒரு திமிங்கிலம். அதுவும் செத்த திமிங்கிலம், வெறும் எலும்பு. மீதிப் பாதியைச் செய்து வைத்தது கனடா விசா.

அந்தத் திமிங்கிலத்தின் ஏஜெண்டாக ஒரு மனிதர் இருந்தார். தொழில் கலியாணத் தரகு. கடற்கரைப் பக்கமாக இறங்கும் எங்கள் லேனில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று லேனில் ஒருவருக்கும் தெரியாது. முன்னால் நின்றால் ‘அண்ணை’ அல்லது ‘அங்கிள்’. முதுகைக் காட்டினால் ‘திமிங்கிலத்தார்’.

காரணம் இதுதான். மற்றத் தரகர்கள் பெண் பார்க்கக் கோயிலுக்கு வரச் சொல்வார்கள், அல்லது காலிக்குப் போகும் பெரிய வீதியில் ஏசி போட்ட ஹோட்டலுக்கு. இவர் மட்டும் இரண்டு பகுதியையும் இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு, அதாவது மியூசியத்துக்கு, வரச் சொல்வார். அங்கே பென்னாம் பெரிய திமிங்கில எலும்புக்கூடு ஒன்று தொங்கும். “ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திமிங்கிலத்துக்குக் கீழ நில்லுங்கோ, வாறன்.” மாப்பிள்ளை பகுதிக்கும் இதே வசனம், பொம்பிளை பகுதிக்கும் இதே வசனம்.

வெள்ளை முழுக்கைச் சேர்ட், மார்பு வரை ஏறிய காற்சட்டை, வானத்தில் ஒரு முகில் இல்லாத நாளிலும் கையில் கறுப்புக் குடை. சேர்ட் பையில் ஒரு பூதக்கண்ணாடி. சாதகக் குறிப்புகளை வாசிக்கத்தான் அது என்று சொல்வார். மாப்பிள்ளைமாரின் நகங்களை அவர் அதற்குள்ளால் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

“ஏன் அண்ணை, உந்தச் செத்த சாமான்களுக்கு நடுவில?” என்று யாராவது கேட்டால் உடனே தொடங்கிவிடுவார்.

“கோயில்ல பாத்தா எல்லாரும் பக்திமான். ஹோட்டல்ல பாத்தா எல்லாரும் கனவான். செத்த மிருகத்துக்கு முன்னால நிண்டா மனிசனுக்கு நடிக்க வராது. அதோட இஞ்ச ரோல்ஸும் இல்லை, பற்றிஸும் இல்லை. வாய் சும்மா இருக்கும். அப்பதான் கதை வரும்.”

அவரிடம் பரீட்சைகள் இருந்தன. கண்ணாடிப் பெட்டியில் விரலால் தட்டிப் பார்க்கும் மாப்பிள்ளை பெயில். “முப்பது வயசில பாம்புக்குத் தட்டி ஹலோ சொல்லுறவர், நாளைக்கு நித்திரையான குழந்தையையும் தட்டி எழுப்புவார்.” மூன்று மொழியில் எழுதிய விளக்கத்தில் ஆங்கிலத்தை மட்டும் உரத்து வாசிப்பவரும் பெயில். “இவர் வீட்டில ஒவ்வொரு கறிக்கும் கொமென்ற் சொல்லுவார்.” ஒன்றையும் வாசிக்காமல் பெண்ணின் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நடப்பவருக்கு மட்டும் அரைப் பாஸ்.

லண்டனிலிருந்து ஒரு மாப்பிள்ளை செல்ஃபிக் கம்போடு வந்தார். பாடம் செய்து வைத்த கரடிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கும்போது, பெண் இடைஞ்சலாக நிற்கிறாள் என்று, “கொஞ்சம் தள்ளி நில்லுங்கோவன்” என்றார். பெண் தள்ளினாள். தள்ளித் தள்ளிப் படி இறங்கி, கேற்றைத் தாண்டி, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். திமிங்கிலத்தார் மாப்பிள்ளையின் தோளில் தட்டிச் சொன்னார். “தம்பி, கரடிக்குச் சாதகம் இருக்கோ எண்டு விசாரிச்சுச் சொல்லுறன்.”

கொட்டாஞ்சேனையிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு மாமியின் கதையும் உண்டு. யானை எலும்புக்கூட்டைக் கண்டதும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். மூன்று தரம் சுற்றி வந்தார். நின்று தோப்புக்கரணமும் போட்டார். கடைசியில் தும்பிக்கை இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுக் கும்பிடப் போனபோது, காவலாளி “அல்லன்ன எபா, அம்மே!” என்று ஓடி வந்தார். தொடவேண்டாம் அம்மா என்று அர்த்தம். பெண் வீட்டார் சிரிப்பை அடக்க முடியாமல் நிற்க, திமிங்கிலத்தார் குரலைத் தாழ்த்தினார்.

“சிரியாதேங்கோ. யானையின்ர எலும்புக்கே இவ்வளவு மரியாதை. உயிரோட வாற மருமகளை எப்பிடி வைச்சிருப்பா எண்டு யோசியுங்கோ.”

அந்த இடத்திலேயே கலியாணம் முற்றாகிவிட்டது.

காவலாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிங்களவர், மீசைக்காரர், அங்கே முப்பது வருட சேவை. எல்லாருக்கும் அவர் ‘அய்யே’, அதாவது அண்ணன். திமிங்கிலத்தாருக்கும் அவருக்கும் ஓர் இரகசிய ஏற்பாடு இருந்தது. திமிங்கிலத்தார் பெரியவர்களோடு கதைத்துக்கொண்டு நிற்க, அய்யே சும்மா ரோந்து போகிறவர் மாதிரி மாப்பிள்ளையின் பின்னால் போவார். திரும்பி வந்து மீசையைச் சொறிந்தால் பையன் நல்லவன். தொப்பியைக் கழற்றினால் ஆளை அனுப்பிவிடலாம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மனிதர் எத்தனை தமிழ்ப் பெண்களின் தலைவிதியை மீசையில் வைத்திருந்தார் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் அப்போது இரத்மலானையில் ஒரு கம்பனியில் வேலை. தினமும் காலை வெள்ளவத்தையிலிருந்து நூறாம் நம்பர் பஸ். அதே கம்பனியில் வேலை செய்த கோகுலன், பம்பலப்பிட்டியில் ஏறி எனக்கு ஒரு சீற் பிடித்து வைப்பார். முதலில் சீற் பிடித்தார், பிறகு குடை பிடித்தார், இரண்டு வருடத்தில் எனக்கு அவரை விட்டால் வேறு கதியில்லை என்று ஆகிவிட்டது. கோகுலனின் தாயார் கனடாவில் மூத்த மகனோடு இருந்தார். அவர் வட்ஸ்அப்பில் “எனக்கு ஓம், மோனை” என்று ஒரே வரியில் சம்மதம் அனுப்பிவிட்டார். பிரச்சினை என் அம்மா. எங்கள் வீட்டில் டெங்கு என்று சொல்லலாம், லவ் என்று சொல்ல முடியாது.

ஆகவே நாங்கள் இருவரும் திமிங்கிலத்தாரைப் பிடித்தோம். அவர் வெள்ளவத்தை ரயில் ஸ்டேசனில் ஒரு வாங்கில் குந்தியிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப உங்களுக்கு வேண்டியது சம்பந்தமில்லை, நாடகம்” என்றார்.

“ஓம் அங்கிள்.”

“செய்யலாம். ஒருத்தரை ஒருத்தர் முன்னப்பின்ன தெரியாத மாதிரி நிக்கோணும். முக்கியமா, பிள்ளை, நீர் சிரிக்கக்கூடாது. பொம்பிளை பாக்க வந்த இடத்தில சந்தோசமா நிக்கிற பொம்பிளையை நான் இன்னும் காணேல்லை.”

சாதகம் பார்த்த பிறகுதான் பெண் பார்ப்பது எங்களவர் வழக்கம். அவர் அதையும் தலைகீழாக்கி வைத்திருந்தார். முதலில் திமிங்கிலம், பிறகு சாத்திரி. “பிள்ளையளுக்குப் பிடிக்காட்டி சாத்திரிக்கு என்ன வேலை?” என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டார்.

ஞாயிறு பத்து மணிக்குத் திமிங்கிலத்துக்குக் கீழே நின்றோம். நான் செத்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கோகுலன் என்னை “வணக்கம்” என்று கும்பிட்டார். வெள்ளிக்கிழமைதான் என் சாப்பாட்டுப் பெட்டியில் பாதியைத் தின்றவர்! நாடகம் அருமையாகப் போனது, வௌவால் பெட்டி வரும் வரைக்கும்.

எனக்கு வௌவால் என்றால் உயிர் போய்விடும். அது கோகுலனுக்குத் தெரியும். பெட்டி கண்ணில் பட்டதும் மனிதர் நாடகத்தை மறந்து, மளமளவென்று வந்து எனக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டார். நானும் பழக்கத்தில் அவருடைய முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அம்மா நின்றுவிட்டார். “தம்பிக்கு எப்பிடித் தெரியும், இவளுக்கு வௌவால் பயமெண்டு?”

திமிங்கிலத்தார் குடையை ஊன்றிக்கொண்டு நடுவில் வந்தார்.

“தங்கச்சி, வௌவாலுக்குப் பயமில்லாத பொம்பிளை வெள்ளவத்தையில ஆர் இருக்கினம்?”

“ஏன், நான் இருக்கிறன்.”

“அதுதானே சொல்லுறன். உங்களைப் போல தைரியமான ஆக்கள் இப்ப எங்க பிறக்கினம்?”

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு அடுத்த பெட்டிக்கு நடந்தார். தூரத்தில் அய்யே மீசையைச் சொறிந்தார். வீட்டுக்குப் போனதும் அம்மா, “பெடியன் பரவாயில்லை” என்றார். எங்கள் வீட்டில் அதற்குமேல் ஒரு நற்சான்றிதழ் கிடையாது.

திங்கட்கிழமை இரண்டு குறிப்புகளும் கொட்டாஞ்சேனைச் சாத்திரியிடம் போயின. வியாழக்கிழமை வெடித்தது.

எல்லாம் பொருந்தியிருந்தது, யோனிப் பொருத்தம் ஒன்றைத் தவிர. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் உண்டு, மொத்தம் பதினான்கு மிருகங்கள். பகை மிருகங்களைச் சேர்த்து வைக்கக்கூடாது. நான் ரோகிணி, என் மிருகம் பாம்பு. கோகுலன் உத்திராடம். அவருடைய மிருகம் கீரி.

“கீரியும் பாம்பும்! அறிஞ்சுகொண்டு என்ர பிள்ளையைக் குடுப்பனோ?” அம்மா கையை உதறிவிட்டார். அம்மா ஒன்றை வேண்டாம் என்றால் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் இருக்காது. அடுத்த நாளே வேறு தரகர் ஒருவரின் இலக்கத்தைத் தேடத் தொடங்கினார். நூறாம் நம்பர் பஸ்ஸில் கோகுலன் பிடித்து வைக்காத சீற்றில் நான் இருந்து போவதை நினைத்துப் பார்த்தேன். பகிடி எல்லாம் அந்தக் கிழமை எனக்கு நின்றுபோனது. திமிங்கிலத்தாருக்குத் தொலைபேசி எடுத்து அழுதேன்.

“அழாதேங்கோ பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு அம்மா, அப்பா, கோகுலன் தம்பி, எல்லாரும் வாங்கோ. அம்மாவுக்கு நேரில காட்டுவம்.”

அம்மா வரமாட்டேன் என்று நின்றார். “வேண்டாமெண்டு சொல்லுறதையும் முகத்துக்கு நேர சொல்லுறதுதான் தங்கச்சி மரியாதை” என்று ஒரு போடு போட்டார் திமிங்கிலத்தார். மரியாதை என்ற சொல்லுக்கு அம்மா மசியாமல் இருந்ததில்லை. இராகு காலம் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தார். அப்பாவும் வந்தார். அப்பா வாய் திறந்து கதைப்பது வருடத்துக்கு இரண்டு தரம், அதில் ஒன்று சித்திரை வருடப்பிறப்புக்கு.

திமிங்கிலத்தார் தலைக்குமேல் குடையை உயர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். “பாருங்கோ தங்கச்சி. உங்கட சாத்திரி பகை எண்டு சொல்லுற மிருகமெல்லாம் இஞ்ச ஒரே கூரைக்குக் கீழ. பூனை அந்தப் பக்கம், எலி இந்தப் பக்கம். சண்டை ஒண்டும் இல்லை. இப்ப கீரியையும் பாம்பையும் பாருங்கோ, அக்கம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி எவ்வளவு அமைதியா…”

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்ததும் வசனம் அறுந்துபோனது.

பெட்டிக்குள் கீரி இரண்டு முன்னங்காலையும் தூக்கி, பல் அத்தனையும் காட்டிக்கொண்டு நின்றது. அதன் வாய்க்குள் நாகபாம்பின் கழுத்து.

எத்தனை வருடமாக இந்த நூதனசாலைக்கு வந்த மனிதர்! திமிங்கிலத்துக்குக் கீழே நின்று மாப்பிள்ளைகளின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. அவருடைய கையிலிருந்து குடை விழுந்தது.

“இதைக் காட்டத்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ அண்ணை?” அம்மாவின் குரலில் வெற்றி.

திமிங்கிலத்தார் காவலாளியைப் பரிதாபமாகப் பார்த்தார். “அய்யே, மேக்க கவதா இந்தலத?” இது எப்போதிருந்து என்று கேட்டார்.

“மம என்னத் கலின் இந்தலா, மஹத்தயா.” தான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே என்றார் அய்யே. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர், தொப்பியில் கை வைக்கப்போய், வைக்காமல் கையை இறக்கிவிட்டார்.

திமிங்கிலத்தார் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

“கேட்டீங்களோ தங்கச்சி? அய்யே வேலைக்கு வந்தே முப்பது வருசம். அதுக்கும் முதல்ல இருந்து இவை ரெண்டு பேரும் இப்பிடித்தான் நிக்கினம். இன்னும் ஒருத்தரும் வெல்லேல்லை. ஒருத்தரும் மற்றவரை விட்டிட்டுப் போகவுமில்லை. நாங்கள் இதைத்தானே கலியாணம் எண்டு சொல்லுறது?”

பின்னாலிருந்து ‘குபீர்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அப்பா சிரிக்கிறார்! கண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

“இஞ்சேரும், எங்கட சாதகத்தில நாங்கள் ரெண்டுபேரும் மான். உச்சப் பொருத்தம் எண்டுதான் கட்டி வைச்சவை. ஃபானைக் கூட்டுறதோ குறைக்கிறதோ எண்டு இண்டு வரைக்கும் முடிவெடுத்தனாங்களோ?”

அந்த வருடத்துக்கான இரண்டாவது கதையை அப்பா எனக்காகச் செலவழித்துவிட்டார். அம்மா அவரை முறைத்தார். சிரிக்கவில்லை. திரும்பிப் பெட்டிக்கு அருகே போய்க் குனிந்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும். இதில என்ர பிள்ளைதானே பாம்பு? அது தோக்கிற மாதிரியெல்லோ நிக்குது?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மாவுக்குப் பகை ஒரு பிரச்சினையே இல்லை. தன் மகள் தோற்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். திமிங்கிலத்தாருக்கும் விளங்கிவிட்டது. சேர்ட் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

“வடிவாப் பாருங்கோ தங்கச்சி. கழுத்து கீரியின்ர வாயில. ஆனா உடம்பு? கீரியின்ர இடுப்பைச் சுத்தி எத்தினை சுத்து?”

அம்மா எண்ணினார். உதடு அசைய எண்ணினார். “மூண்டு.”

“மூண்டு சுத்துச் சுத்தின பிறகு கீரி எங்க ஓடுறது?”

அம்மா நிமிர்ந்து கோகுலனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கோகுலன் மூன்று சுற்று விழுந்த கீரி மாதிரியே நின்றார். “அப்ப சரி” என்றார் அம்மா. அய்யே ஒரு கையால் அல்ல, இரண்டு கையாலும் மீசையைச் சொறிந்தார்.

திரும்பி வரும்போது திமிங்கிலத்துக்குக் கீழே எல்லாரும் கொஞ்சம் நின்றோம். நிம்மதியில் அம்மாவுக்கு ஊர்க்கதை கேட்கும் ஆசை வந்துவிட்டது.

“அண்ணை, உங்கட மிருகம் என்ன?”

“தெரியாது தங்கச்சி. நான் பிறந்த நேரத்தை எழுதி வைக்க ஆக்கள் இருக்கேல்லை. நேரம் இல்லாட்டிச் சாதகம் இல்லை, சாதகம் இல்லாட்டி ஆர் பொம்பிளை தருவினம்?” சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு மேலே பார்த்தார். “அதுதான் நான் இவருக்குக் கீழ நிக்கிறது. பதினாலு மிருகத்திலயும் திமிங்கிலம் இல்லை. அதால இவருக்குப் பகையும் இல்லை.”

அம்மா இராகு காலத்தையும் மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

கலியாணக் கார்ட் எழுதும்போது அம்மாவின் பேனா ஓர் உறையில் நின்றுவிட்டது. பெயர் தெரியாது. கேட்கவும் வெட்கம். முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயரை எழுத முடியுமா? கடைசியில் ‘திருவாளர் அண்ணை குடும்பத்தினர்’ என்று எழுதிக் கொடுத்தார்.

கலியாணத்தன்று திமிங்கிலத்தார் வந்தார். கையில் குடை, பையில் அந்த உறை. பக்கத்தில் அய்யே, யாரிடமோ இரவல் வாங்கிய வேட்டியில், கம்பியில் நடக்கிறவர் மாதிரி அடி வைத்துக்கொண்டு.

“குடும்பத்தினர் எண்டு போட்டிருந்தியள் தங்கச்சி. தனிய வந்தா மரியாதையில்லை. அதுதான் இவரையும் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

படம் எடுக்கும் நேரம் வந்தது. கமெராக்காரத் தம்பி மேடையில் நின்று பொம்பிளை பகுதியை ஒரு பக்கமும் மாப்பிள்ளை பகுதியை மறுபக்கமும் பிரித்துக்கொண்டிருந்தார். திமிங்கிலத்தாரும் அய்யேயும் எந்தப் பக்கமும் போகாமல் ஓரத்தில் நின்றார்கள்.

“அங்கிள், நீங்க எந்தப் பகுதி?”

“நான் திமிங்கிலப் பகுதி, தம்பி.”

மேடையில் இருந்த வெள்ளவத்தைக்காரர் எல்லாருக்கும் முகம் செத்துப்போனது. இத்தனை வருடமும் நாங்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னதெல்லாம் மனிதருக்குக் கேட்டிருக்கிறது! எனக்கு மணவறையிலிருந்து எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது.

அம்மாதான் முதலில் அசைந்தார். மேடையிலிருந்து இறங்கிப் போய் அவருடைய கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டார்.

“எங்கட பகுதி, தம்பி. இங்கால வாங்கோ அண்ணை. அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அந்தப் படம் எங்கள் வீட்டு ஹோலில் இருக்கிறது. எல்லாரும் கமெராவைப் பார்க்கிறோம். அய்யே மீசையைச் சொறிகிறார். திமிங்கிலத்தார் மட்டும் கமெராவைப் பார்க்காமல், குடையை அணைத்துக்கொண்டு நிற்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் பொம்பிளையாக நிற்கும் படம் அது. ஆனாலும் அதில் என்னைவிட அவரைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும்.